ஏற்காட்டில் கிடைத்த ஸ்பிட்ஃபயர் படம், கீழே பென்சில் கையெழுத்துகள், மேலே பூஞ்சை. என்ன செய்யலாம்?

கொண்டைஊசி20:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். நான் போனது ஒரு தேக்கு மேசைக்காக. அது எனக்கு முன்பே கை மாறிவிட்டது. அலமாரிக்குப் பின்னால் ஒரு அட்டைக்குழாய் கிடந்தது, உள்ளே சுருட்டி வைத்த படம். 3,000 ரூபாய் கொடுத்து எடுத்து வந்தேன். விரித்துப் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் இரண்டு, மேகத்துக்குள்ளிருந்து வெளிவந்து கடற்கரைக்கு மேலே திரும்புகின்றன, உடம்பில் ஏ, இசட் என்று பெரிய எழுத்துகள். படத்துக்குக் கீழே நான்கு அங்குலத்துக்கு வெறும் வெள்ளைத் தாள். அதில் இடது ஓரம் பென்சிலில் 412/850, வலது ஓரம் ஓவியர் கையெழுத்து, நடுவில் இன்னும் மூன்று கையெழுத்துகள். அவற்றில் ஒன்றுதான் எனக்குப் படிக்க வருகிறது: பாப் டோ.

பிரச்சினை என்னவென்றால் மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருக்கிறது, அங்கங்கே பழுப்புப் புள்ளிகளும் உண்டு. நேற்று சேலத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஈரத்துணியால் துடைத்து லேமினேஷன் போட்டுவிடலாம், கீழே இருக்கும் காலி இடத்தை வெட்டிவிட்டால் வீட்டில் இருக்கிற பழைய சட்டத்துக்கே பொருந்திவிடும் என்றார்கள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கொடுக்கலாமா? இது அசலா, வெறும் போஸ்டரா என்பதும் தெரியவில்லை.

காமலாபுரம்ரன்வே:
கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அந்தக் காலி இடம் காலி இடமே இல்லை. இந்த வகைப் படங்களில் மேலே இருக்கும் விமானம் 850 தாளிலும் ஒன்றுதான், அச்சு இயந்திரம் போட்டது. கீழே இருக்கும் அந்த நான்கு அங்குலத்தில்தான் மனிதர்களுடைய கை பட்டிருக்கிறது. அதை வெட்டினால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு நல்ல காலண்டர் படம்.

நான் 18 வருடமாக இவற்றைச் சேர்க்கிறேன், ஒன்பது படம் இருக்கிறது. 1970களின் கடைசியிலிருந்து இங்கிலாந்தில் இது பெரிதாக வளர்ந்தது. ராபர்ட் டெய்லர், ஜெரால்ட் கோல்சன், பிறகு நிக்கலஸ் டிரட்ஜியன் போன்ற ஓவியர்கள் வரைந்த படத்தைக் கெட்டித் தாளில் எண்ணிக்கை வைத்து அச்சடிப்பார்கள், 412/850 என்றால் 850 தாளில் 412ஆவது. அதில் வரும் விமானத்தையோ அதே ஸ்குவாட்ரனின், அதாவது விமானப் படைப் பிரிவின், விமானத்தையோ இரண்டாம் உலகப் போரில் உண்மையிலேயே ஓட்டிய விமானிகளை உட்கார வைத்து ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கையெழுத்து வாங்குவார்கள். அந்த விமானிகளில் இரண்டு கால்களும் இல்லாமல் ஓட்டிய டக்ளஸ் பேடர் 1982இல் போய்விட்டார். ஸ்டான்ஃபோர்ட் டக் 1987, ஜெர்மன் தரப்பின் அடால்ஃப் காலண்ட் 1996, ஜானி ஜான்சன் 2001. 1940இல் ஜெர்மன் விமானப் படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச்சில் 105 வயதில் இறந்தார். இனி அந்தப் போரில் பறந்த ஒரு கை புதிதாக ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போவதில்லை. இருப்பவை எத்தனையோ அத்தனைதான், ஈரமும் கத்தரியும் சேர்ந்து அதையும் குறைத்துக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் பாப் டோ. யார் பெயர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் இன்றிரவு தூங்க மாட்டீர்கள். ஏஇசட் என்பது 234ஆம் ஸ்குவாட்ரனின் எழுத்து. 1940இல் டோ அதில்தான் ஸ்பிட்ஃபயர் ஓட்டினார், அந்தப் போரின் முன்னணி விமானிகளில் ஒருவர். அந்த ஸ்குவாட்ரனின் முழுப் பெயர் 234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். ஆமாம், நம் மெட்ராஸ் மாகாணம்தான். விமானம் வாங்க இங்கிருந்து போன போர் நிதிக்காக அந்தப் பெயரை வைத்தார்கள். 79, 264 என்ற இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் அதே பெயர் உண்டு. சேலம் அன்று அந்த மாகாணத்தின் ஒரு மாவட்டம்.

இன்னும் இருக்கிறது. அதே டோ பிறகு இந்தியாவுக்கு வந்தார், 1944இல் இந்திய விமானப் படையின் 10ஆம் ஸ்குவாட்ரனை முதலிலிருந்து உருவாக்கி, நம் ஆட்களோடு பர்மாவில் ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டினார், அதற்காக டிஎஸ்ஓ என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது வாங்கினார். 2010இல் இறந்தார். ஏற்காட்டு அலமாரிக்குப் பின்னால் அந்தப் படம் கிடந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை, அது வர வேண்டிய ஊருக்குத்தான் வந்திருக்கிறது.

குகை_சேலம்:
நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், இவருக்காவது உதவட்டும். எட்டு வருடத்துக்கு முன் லண்டனில் இருக்கும் என் மச்சான் ஒரு ஹரிக்கேன் படம் அனுப்பினார், இரண்டு விமானிகள் கையெழுத்து. நானும் சாமி படம் போடும் கடையில்தான் கொடுத்தேன், நன்றாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எம்டிஎஃப் பலகையில் பசை போட்டு ஒட்டி மேலே பிளாஸ்டிக் உருக்கியிருந்தார்கள். ஓரத்தைக் காணோம். எங்கே என்று கேட்டேன், வெட்டிப் போட்டதைக் குப்பையில் தேடிக்கூடப் பார்த்தோம், மூன்று நாள் ஆகியிருந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று வரை அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு பிசைகிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

நாலுகலர்:
நான் 26 வருடமாக ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன், அந்தக் கண்ணோடு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கையெழுத்து அசலா என்று பார்ப்பது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், அச்சகத்தில் டாட் பார்க்க வைத்திருப்போமே அதுதான். படத்தின் மேல் வைத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ மாதிரி தெரியும். அதே லென்ஸைக் கையெழுத்தின் மேல் வையுங்கள். அங்கேயும் புள்ளி தெரிந்தால் கையெழுத்தும் அச்சு, கதை முடிந்தது. புள்ளி இல்லாமல், தாளின் மேடு பள்ளத்தில் கரி விட்டு விட்டு ஒட்டியிருந்தால் அது பென்சில். தாளைச் சன்னல் பக்கம் சாய்த்தால் பென்சில் கோடு மட்டும் ஈயம் போல மினுங்கும். பின்பக்கம் விரலால் மெதுவாகத் தடவினால் அழுத்தி எழுதிய இடம் தெரியவும் வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, காமலாபுரம் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை ஓவிய அச்சு என்று பெரிதாகச் சொல்கிறோம், ஆனால் இது நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே முறையில் அடித்தது. பழைய காலத்துச் செப்புத் தகட்டு அச்சில் தகடு தேயும், அதனால் எண்ணிக்கை வைத்தார்கள், முதல் பிரதிகளுக்கு மதிப்பு வந்தது. ஆஃப்செட்டில் ஒன்றாவது தாளும் 850ஆவது தாளும் ஒன்றுதான், இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம். 850 என்று நிறுத்துவது வெளியிடுபவர் எடுக்கும் முடிவு. அதற்கு வெளியே ஓவியர் பிரதிகள் என்று தனிக் கணக்கு வேறு இருக்கும். சுங்கத் துறை அட்டவணைகூட கையால் செய்த தகட்டில் எடுத்ததைத்தான் அசல் அச்சு என்கிறது, ஒளிப்பட முறையில் தகடு எடுத்தவற்றை அந்தத் தலைப்பில் சேர்ப்பதில்லை. ஆகவே முதலீடு என்று நினைத்து யாரும் இதில் பணம் போட வேண்டாம்.

காமலாபுரம்ரன்வே:
கோபம் எதற்கு, நீங்கள் சொன்னதில் முக்கால் பங்கு சரி. முதலீடு இல்லை என்பதை நானே சொல்லியிருக்க வேண்டும். நான் சேர்க்கத் தொடங்கிய நாளில் கேட்ட விலைக்கு இன்று பல படங்களை விற்க முடியாது, அந்தப் போரைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த தலைமுறை வெளிநாட்டில் குறைந்துவிட்டது, அவர்கள் பிள்ளைகள் விற்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. நம் மாதிரி ஆட்களுக்கு அது ஒரு வகையில் நல்லது.

ஆனால் கல்யாணப் பத்திரிகையோடு ஒப்பிட்டீர்களே, அதையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பத்திரிகை அடிக்கிறோம், அதில் ஒன்றில் உங்கள் தாத்தா கைப்பட "அவசியம் வரணும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்து பீரோவில் வைப்பீர்களா மாட்டீர்களா? அச்சுப் படம் வெறும் சாக்கு, கையெழுத்துதான் பொருள். ஸ்டான்ஃபோர்ட் டக் 1942 ஜனவரியில் பிரான்சில் சுடப்பட்டு விழுந்தார். பிடிபட்டவரைத் தன் மேசைக்கு அழைத்து விருந்து கொடுத்தவர் எதிரியான காலண்ட். போருக்குப் பிறகு இருவரும் சாகும்வரை நண்பர்கள். டக்கின் பென்சில் கையெழுத்தை நான் பார்க்கும்போது அந்த மேசையில் கரண்டி பிடித்த கை இதுதான் என்று தோன்றுகிறது. எனக்கு அது போதும்.

பென்சில் ஏன் என்று கேட்பவர்களுக்கு: பென்சில் கரி, வெளிச்சத்தில் மங்காது. பேனா மை, ஸ்கெட்ச் பேனா எல்லாம் சில வருடத்தில் வெளிறிவிடும். அதே சமயம் பென்சில் அழியும், அதனால் அந்த ஓரத்தை எதாலும் துடைக்கக் கூடாது.

அம்மாபேட்டைஅரசி:
நான் சேகரிப்பவள் இல்லை, படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று கேட்க வேண்டும் போல் இருந்தது. இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் வானம் இவ்வளவு அழகாக இருக்கிறதே, யாருமே சாவதாகத் தெரியவில்லையே, அது உங்களை உறுத்தவில்லையா? மெட்ராஸ் மாகாணத்துப் பணம் என்கிறீர்கள். அது மனம் வந்து கொடுத்ததா, அதிகாரிக்குப் பயந்து கொடுத்ததா? எங்கள் பாட்டி யுத்த காலத்தில் ரேஷன் அரிசிக்கு நின்ற கதைதான் சொல்வார்.

ஏர்ஃப்ரேம்ஃபிட்டர்:
நல்ல கேள்வி அம்மா, இதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. நான் விமானப் படையில் ஏர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், சேலத்தில்தான் இருக்கிறேன். அஜீத் விமானங்களில் வேலை பார்த்தேன், நேட் என்ற சின்ன ஜெட் போர் விமானத்தின் நம் ஊர் வடிவம் அது. காலையில் ஏணி போட்டு ஏற்றிவிட்ட பையன் மத்தியானம் திரும்பி வரவில்லை என்றால் அந்த ஏணியை எடுத்து வைக்கும் வேலையும் எங்களுக்குத்தான். பிரிட்டன் வான்போரில் பறந்தவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர், 1940 ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் 544 பேர் செத்தார்கள். நம் மாகாணத்துப் பெயர் தாங்கிய 264ஆம் ஸ்குவாட்ரன் டிஃபையன்ட் விமானம் ஓட்டியது, அதற்கு முன்பக்கம் சுடவே துப்பாக்கி கிடையாது, முதுகில் ஒரு சுழலும் கூண்டு மட்டும். ஆகஸ்ட் கடைசியில் அவர்களைக் கொத்துக் கொத்தாக இழந்தார்கள். அதை வரைந்து வீட்டில் மாட்டுபவர் குறைவு, நீங்கள் சொல்வது உண்மை.

பணம் எப்படி வசூலானது என்பதில் எனக்கும் உங்கள் சந்தேகம்தான். ஆனால் கீழே கையெழுத்துப் போட்டவர்கள் பிழைத்து வந்தவர்கள். வராதவன் பெயர் அந்த ஓரத்தில் இல்லை. நான் அந்த ஓரத்தைப் பார்க்கும்போது இரண்டு கையெழுத்துக்கு நடுவில் இருக்கும் வெற்றுத் தாளையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். அதனாலும்தான் வெட்டாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் என்று பேசுகிறோம், நம்மவர்கள் எங்கே? மஹிந்தர் சிங் புஜ்ஜி 1940இல் இங்கிலாந்து போன 24 இந்திய விமானிகளில் ஒருவர், தலைப்பாகையோடு ஹரிக்கேன் ஓட்டினார், பிறகு பர்மா, அங்கே டிஎஃப்சி என்ற விமானிகளுக்கான வீர விருது. 2010இல் இறந்தார், கிரேவ்ஸெண்ட் ஊரில் 2014இல் சிலை வைத்தார்கள். அர்ஜன் சிங் 1944இல் இம்பாலில் 1ஆம் ஸ்குவாட்ரனை நடத்தினார், 2017 வரை நம்மோடு இருந்தார். அவர்களிடம் வாங்கியிருக்க வேண்டிய கையெழுத்து எத்தனை! சரி, அது போகட்டும். பாகிஸ்தானோடு நடந்த 1971 போரை எடுத்துக்கொள்ளுங்கள், நவம்பர் 22 அன்று கிழக்கு எல்லையில் போய்ரா வானத்தில் மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரெஸ் என்று நான்கு பேர் நேட் விமானத்தில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை மடக்கினார்கள். டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் குண்டு விழும் ஓடுதளத்திலிருந்து மேலே ஏறித் தனியாகச் சண்டை போட்டார், திரும்பவில்லை. விமானப் படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்தப் போரில் பறந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள், எண்பதுகளில் இருப்பவர்களும் உண்டு. குன்னூர், வெல்லிங்டன், கோவை, பெங்களூர் என்று நம்மைச் சுற்றித்தான் ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பென்சில் கொடுக்க நமக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது?

நாலுகலர்:
சார், இதைப் படித்துவிட்டு மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. ஓவியரிடம் முறையாக உரிமை வாங்கி ஒரு நேட் படம் கொண்டுவந்தால், பருத்தித் தாளில் நூறு பிரதி நான் கூலி இல்லாமல் அடித்துத் தருகிறேன், தாள் விலை மட்டும் பகிர்ந்துகொள்வோம். கீழே ஐந்து அங்குலம் ஓரம் விடுகிறேன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஏர்ஃப்ரேம்ஃபிட்டர்:
என் பழைய யூனிட் ஆட்கள் மூலம் விசாரிக்கத் தொடங்குகிறேன். வரையும்போது என்னைக் கூப்பிடுங்கள், நேட்டின் சக்கர மூடி, பீரங்கி வாய் இதெல்லாம் தப்பாக வரைந்தால் கையெழுத்துப் போட வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

சட்டம்கண்ணாடி:
லீ பஜார் பக்கம் பிரேம் போடுகிறேன், எங்கள் தொழிலைப் பற்றி இவ்வளவு பேசியதால் எழுதுகிறேன். வாடிக்கையாளர் கொண்டுவருவது நூற்றுக்குத் தொண்ணூறு சாமி படமும் கல்யாண போட்டோவும். அதற்கு லேமினேஷன் சரி. இதற்குச் சரியில்லை. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பசை, செலோ டேப், ஃபெவிகால் எதுவும் தாளில் படக் கூடாது. பழைய போட்டோ ஆல்பத்தில் நான்கு மூலைக்கும் முக்கோணக் காகிதம் இருக்குமே, அதே மாதிரி மூலை செய்து அதில் செருகிவிடலாம், எப்போது வேண்டுமானாலும் படத்தை அப்படியே எடுக்கலாம். பின்னால் ஹார்டுபோர்டு நேராகத் தாளைத் தொடக் கூடாது, மரக்கூழில் இருக்கும் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். நடுவில் அமிலம் இல்லாத அட்டை ஒன்று வேண்டும், சேலத்தில் கையிருப்பு இருக்காது, வரவழைக்கலாம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட், அதாவது நடுவில் சன்னல் வெட்டிய அட்டை, வைத்து இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லையென்றால் ஏற்காட்டு ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. அந்த மவுண்ட் சன்னலைக் கையெழுத்தும் தெரிகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள். புற ஊதா தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், படம் முழுக்க நீலம் பாரித்துவிடும், டீக்கடைப் போஸ்டரில் பார்த்திருப்பீர்கள்.

காமலாபுரம்ரன்வே:
அருமை. பூஞ்சைக்கு நான் சொல்கிறேன். ஈரத்துணி வேண்டாம், டெட்டால் வேண்டாம், வெயிலிலும் போட வேண்டாம். காற்றில் ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரும், 50க்குப் பக்கத்தில் வைத்திருந்தால் தூங்கிவிடும். ஆகவே முதலில் தாளை மலையிலிருந்து கீழே இறக்குங்கள். ஓமலூர் பக்கம் என் வீட்டில் பத்து நாள் இருக்கட்டும், மாடி அறை, காற்றோட்டம் உண்டு. நன்றாகக் காய்ந்த பிறகு பூஞ்சை தூளாகிவிடும், முகமூடி போட்டுக்கொண்டு வெளியில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் படத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும், கீழே கையெழுத்து இருக்கும் ஓரத்துப் பக்கம் போகவே கூடாது. பழுப்புப் புள்ளி போகாது, அதை விட்டுவிடுங்கள். சுருண்ட தாளை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தாதீர்கள், மடிப்பு விழும். சுத்தமான இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம், ஒரு வாரம்.

மழைக்காலத்தில் ஏற்காட்டில் வைத்துச் சட்டம் போடாதீர்கள், ஈரத்தையும் சேர்த்து உள்ளே வைத்து மூடுவது அது. காப்பிப் பழம் காயப்போடும் தை மாசி நாட்களில் செய்யுங்கள். மாட்டும்போது வெளிச்சுவர் வேண்டாம், கருங்கல் சுவர் வியர்க்கும். உள்சுவரில், சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு ஒட்டிக் காற்றுப் போக வழி விட்டு மாட்டுங்கள்.

கொண்டைஊசி20:
எல்லோருக்கும் நன்றி, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று லென்ஸ் வாங்கினேன். விமானத்தின் மேல் வைத்தேன், நாலுகலர் அண்ணன் சொன்ன அதே பூப்புள்ளிகள். கையெழுத்தின் மேல் வைத்தேன். புள்ளி இல்லை. கரி தாளின் மேட்டில் மட்டும் ஒட்டியிருக்கிறது, பள்ளத்தில் இல்லை. டோ என்பதில் ஒரு இடத்தில் பென்சில் முனை கொஞ்சம் வழுக்கியிருக்கிறது, வயதானவர் கை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் இவர் என்று கேட்டார், நம் மெட்ராஸ் பெயர் போட்ட விமானத்தை ஓட்டியவர், பிறகு நம் பையன்களோடு பர்மாவில் இருந்தவர் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஈரம் படாமல் பரண் மேல் வை என்றார்.

ஈரம் காட்டும் சின்ன மீட்டரும் வாங்கினேன், இன்று காலை மூடுபனியில் வீட்டுக்குள்ளேயே 84 சதவீதம். ஞாயிற்றுக்கிழமை கீழே கொண்டு வருகிறேன், காமலாபுரம் அண்ணா வீட்டுக்கு முதலில். தை மாதம் லீ பஜார் வருகிறேன்.

குகை_சேலம்:
ஞாயிற்றுக்கிழமை நானும் ஓமலூர் வரலாமா? எனக்கு ஓரம் உள்ள ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

காமலாபுரம்ரன்வே:
வாருங்கள், ஒன்பதையும் எடுத்து வைக்கிறேன்.

சட்டம்கண்ணாடி:
தம்பி, அட்டைக்குச் சொல்லிவிட வேண்டும். ஓரத்தோடு சேர்த்து மொத்த அளவு அளந்து சொல்லுங்கள், மரம் தேக்கா வேம்பா என்றும்.

கொண்டைஊசி20:
தேக்கு. அகலம் 30 அங்குலம், உயரம் 24 அங்குலம் ஆறு நூல், அதில் கீழ் ஓரம் நான்கு அங்குலம். ஒரு நூல்கூடக் குறைய வேண்டாம் அண்ணா.